0.1க்குக் கீழே இருப்பவர்கள்: தொண்டை அடைப்பான் எதிர்ப்பாற்றலை இரத்தத்தில் அளந்த அனுபவம்

ஒரு பகுதி மக்களுக்குத் தொண்டை அடைப்பானுக்கு (டிப்தீரியா) எதிரான பாதுகாப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், தடுப்பூசிப் பதிவேடுதான் முதலில் மேசைக்கு வரும். எத்தனை குழந்தைகள் மூன்றாம் தவணையைப் போட்டுக்கொண்டார்கள் என்பதை அது சொல்லும். அதே குழந்தைகள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து எந்த நிலையில் இருக்கிறார்கள், போட்ட மருந்து குளிர்ச்சி கெடாமல் வந்து சேர்ந்ததா, பதிவேடே இல்லாமல் இடம்பெயர்ந்து வந்தவர்களின் நிலை என்ன என்பதையெல்லாம் அது சொல்லாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வெவ்வேறு வயதினரிடம் இரத்தம் எடுத்து எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) அளக்கும் சீரோ கணக்கெடுப்புகள் நடத்தப்படுகின்றன. அப்படிப்பட்ட சில கணக்கெடுப்புகளில் ஆய்வகப் பக்கத்திலிருந்து பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் நான் எதிர்கொண்ட அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்: பொதுச் சுகாதாரத் துறை முடிவெடுக்க வேண்டிய இடம் அளவுகோலின் கீழ்முனையில் இருக்கிறது, பரிசோதனைகள் அதிகமாகத் தடுமாறுவதும் அதே கீழ்முனையில்தான். மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.

இந்த நோயைப் பொறுத்தவரை இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளப்பதற்கு உறுதியான அடிப்படை உண்டு. கொரினிபாக்டீரியம் டிப்தீரியே என்ற கிருமி தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தை உண்டாக்கினாலும், இதயத் தசையையும் நரம்புகளையும் தாக்குவது அது சுரக்கும் நஞ்சுதான். 1888இல் ரூவும் யெர்சினும் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தாலேயே விலங்குகள் இறப்பதைக் காட்டினார்கள். 1890இல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் பொருள் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், இருப்பதைக் காட்டினார்கள். நஞ்சை ஃபார்மலினால் பதப்படுத்திச் செய்த டாக்சாய்டுதான் இன்றும் தடுப்பூசியாகப் பயன்படுகிறது. ஆகவே நாம் இரத்தத்தில் தேடுவது நஞ்சைத் தடுக்கும் எதிர்ப்பொருளை மட்டுமே. அந்த எதிர்ப்பொருள் நிறைய உள்ள ஒருவர் நோயின் கடுமையிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் அவர் தொண்டையில் கிருமி குடியிருக்கவே முடியாது என்று பொருளல்ல. எதிர்ப்பாற்றல் நல்ல நிலையில் இருப்பதாக அறிக்கை சொன்ன ஊரில் நஞ்சு சுரக்கும் கிருமியைத் தொண்டையில் சுமப்பவர் ஒருவர் கண்டறியப்பட்டால், அறிக்கையே தவறு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பழி அறிக்கைக்கு உரியதல்ல.

அளவுகோலின் எல்லைகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 0.01 சர்வதேச அலகுக்கும் குறைவாக இருந்தால் அவருக்குப் பாதுகாப்பில்லை என்று கொள்கிறோம். 0.01 முதல் 0.1 வரை அடிப்படைப் பாதுகாப்பு, 0.1ம் அதற்கு மேலும் முழுப் பாதுகாப்பு, 1.0க்கு மேல் இருந்தால் நெடுங்காலப் பாதுகாப்பு. எழுதும்போது இவை கல்வெட்டுப் போலத் தோன்றினாலும், எந்த எல்லையும் உத்தரவாதம் அன்று. எதிர்ப்பொருள் போதுமானதாக இருந்தும் நோயுற்றவர்கள் உண்டு. மிகக் குறைவாக இருந்தும் நோயுறாதவர்கள் உண்டு. ஒருவர் எவ்வளவு நஞ்சை எதிர்கொள்கிறார் என்பதையும் பொறுத்தது அது. தனி மனிதருக்குச் சோதிடம் சொல்ல இந்த எண்கள் உதவாது. ஒரு மக்கள்தொகையில் எந்த வயதுக் குழு நோய்க்குத் திறந்து கிடக்கிறது என்று காட்ட நன்றாகவே உதவும்.

வயதுக் குழுவை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. முன்னாள் சோவியத் நாடுகளில் 1990 முதல் 1998 வரை பரவிய கொள்ளைநோயில் 1,57,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 5,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகளின் நோய் என்று எண்ணப்பட்டதில் வளர்ந்தவர்கள் பெருந்தொகையாகச் சிக்கினார்கள். குழந்தைப் பருவத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, பின்னர் ஊக்கத் தவணையும் கிடைக்காமல், கிருமி அருகிப்போனதால் இயற்கையான தூண்டுதலும் கிடைக்காமல் எதிர்ப்பாற்றல் தேய்ந்துபோன நடுவயதினர் அதில் முக்கியமான பகுதி. தடுப்பூசித் திட்டம் நன்றாக நடக்கும் எந்த நாட்டிலும் இதே தேய்வு நடந்துகொண்டுதான் இருக்கும். குழந்தைகளிடம் மட்டும் இரத்தம் எடுத்துவிட்டு நாட்டின் எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேசும் கணக்கெடுப்பை அதனால்தான் நான் முழுமையானதாகக் கொள்வதில்லை. வளர்ந்தவர்களிடம் இரத்தம் பெறுவது கடினம் என்பது உண்மை. ஆனால் விடை இருப்பது அங்கேதான்.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். தொடக்கக் காலத்தில் கினிப்பன்றியும் முயலுமே அளவுகோல்களாக இருந்தன. சீரத்தையும் நஞ்சையும் கலந்து விலங்கின் தோலில் செலுத்தி, சிவந்து புண்ணாகிறதா என்று பார்ப்பார்கள். எலியும் சுண்டெலியும் இந்த நஞ்சுக்கு எளிதில் மசியாதவை என்பதால் அவற்றைப் பயன்படுத்த வழியில்லை. மனிதரின் தோலிலேயே மிகச் சிறிதளவு நஞ்சைச் செலுத்திப் பார்க்கும் ஷிக் சோதனை 1913இல் வந்தது. இரத்தம் எடுக்காமலே ஒரு பள்ளி முழுவதையும் சோதிக்க முடிந்ததால் பல ஆண்டுகள் அதுவே கோலோச்சியது. இன்று அடிப்படை அளவீடாகக் கொள்ளப்படுவது, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட வீரோ செல் வரிசையில் செய்யப்படும் நஞ்சு நடுநிலைச் சோதனை.

அந்தச் சோதனையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 96 குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு சீரத்தையும் பாதி பாதியாக நீர்க்கச் செய்து கொண்டே போக வேண்டும். எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு நஞ்சு, அது எதிர்ப்பொருளோடு பிணைவதற்குச் சிறிது நேரம், பிறகு செல்கள். தட்டின் மேல் காற்றுப் புகாத ஒட்டுத்தாளை அழுத்தி மூடி, இன்குபேட்டரில் ஐந்தாறு நாள் விட்டுவிட வேண்டும். நஞ்சிலிருந்து தப்பிய செல்கள் வளர்ந்து அமிலத்தை வெளிவிடும்போது, வளர்ப்புத் திரவத்திலுள்ள ஃபீனால் சிவப்பு மஞ்சளாக மாறும். செல்கள் மடிந்த குழி சிவப்பாகவே நிற்கும். ஒரு வரிசையில் மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று வந்து சட்டென்று சிவப்பாக மாறும் இடம்தான் விடை. சில நேரம் அந்த எல்லையில் ஒரு குழி ஆரஞ்சாக நிற்கும். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இருவர் தனித்தனியே படித்து எழுதிவைக்க வேண்டும். ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர் எழுதும் வழக்கத்தை நாங்கள் நிறுத்தியதற்குக் காரணம், சொல்பவரின் கண்ணே இருவருடைய கண்ணாகவும் ஆகிவிடுவதுதான். எங்கள் ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பர் புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது இது: "தம்பி, நமக்கு விடை தெரிந்த சீரத்தின் வரிசையை முதலில் பார். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றால் மற்ற வரிசைகளைப் பார்க்கவே பார்க்காதே." மற்றவர்களின் விடைகளைப் பார்த்த பிறகு ஒரு தட்டை நிராகரிக்க மனம் வருவதில்லை, அந்த வரிசைமுறைக்கு அதுவே காரணம்.

இரட்டித்து நீர்க்கும் எந்தச் சோதனையிலும் ஒரு குழி முன்பின் ஆவது இயல்பு. அதாவது உண்மையில் 0.1 அலகு உள்ள சீரம் ஒரு நாள் 0.05 என்றும் இன்னொரு நாள் 0.2 என்றும் படிக்கப்படலாம். 2.0 அலகு உள்ளவருக்கு இந்த ஊசலாட்டத்தால் எதுவும் மாறாது. எல்லைக்கோட்டின் மேல் நிற்பவர்களுக்கோ ‘பாதுகாப்புண்டு’, ‘குறைவு’ என்ற பெயர்ப்பலகையே மாறிவிடும். தேய்ந்துவரும் எதிர்ப்பாற்றல் கொண்ட நடுவயதினரில் கணிசமானோர் இந்த எல்லைக்கோட்டைச் சுற்றியே குவிந்திருப்பார்கள்.

வீரோ சோதனை நம்பகமானது என்றாலும் மெதுவானது; செல் வளர்ப்பு வசதியும், தரம் மாறாத நஞ்சும், கைப்பழக்கமும் வேண்டும். ஆயிரக்கணக்கான மாதிரிகள் வரும் கணக்கெடுப்பில் எலிசாவைத் தவிர்க்க முடிவதில்லை. தட்டின் அடியில் டாக்சாய்டைப் படியவைத்து, அதில் ஒட்டும் எதிர்ப்பொருளை நிறமாக மாற்றிப் படிக்கும் வழக்கமான மறைமுக எலிசா சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது நஞ்சைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும் வெறுமனே ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளையும் பிரித்தறியாது. அளவு அதிகமுள்ள சீரங்களில் அதன் விடையும் வீரோவின் விடையும் ஒத்துப்போகும்; 0.1க்குக் கீழே வர வர இரண்டும் விலகிச் செல்லும், பெரும்பாலும் எலிசா உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். அதாவது பாதுகாப்பற்றவர்களைப் பாதுகாப்புள்ளவர்களாகக் கணக்கிடும் பக்கமாகவே தவறு சாய்கிறது. பொதுச் சுகாதாரத்தில் இதைவிட ஆபத்தான சாய்வு இல்லை என்பேன்.

ஒரு கணக்கெடுப்பின் இடைக்கால ஆய்வுக் கூட்டத்தில் இது வெளிப்படையாகவே வெடித்தது. மறைமுக எலிசாவின்படி வளர்ந்தவர்களின் நிலை திருப்திகரமாக இருந்தது; அதே மாதிரிகளில் ஒரு பகுதியை வீரோவில் மறுபடி சோதித்தபோது படம் கணிசமாக மங்கியது. கூட்டத்திற்குத் தலைமை வகித்த அதிகாரி, "ஒரே இரத்தத்திற்கு இரண்டு விடை எப்படி ஐயா வரும்? எதை நான் மேலே அனுப்புவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எதை அனுப்புவது என்பதை முதல் இரத்தத் துளி எடுப்பதற்கு முன்பே தீர்மானித்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. அதன் பிறகு நான் பங்கேற்ற ஒவ்வொரு திட்ட வரைவிலும் ஒரு பத்தி கட்டாயமாக இடம்பெறுகிறது: எந்த முறையால் முதலில் சோதிப்போம், எந்த அளவுக்குக் கீழே வரும் சீரங்களை வீரோவுக்கு அனுப்புவோம், இரண்டும் மாறுபட்டால் எதை இறுதி விடையாகக் கொள்வோம். எலிசாவில் 0.1க்குக் கீழே வருபவை எல்லாவற்றையும், அதற்குச் சற்று மேலே வருபவற்றையும் மறுசோதனைக்கு அனுப்புவது நல்லது. ‘சற்று மேலே’ என்பதை விட்டுவிட்டால், எலிசா கூட்டிக் காட்டியவர்கள் வலையில் சிக்கவே மாட்டார்கள்.

எலிசாவிலும் தேர்வு உண்டு. எதிர்ப்பொருளின் இரு கைகளில் ஒன்று தட்டிலுள்ள ஆன்டிஜெனையும் (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் பொருள், இங்கே டாக்சாய்டு) மற்றது நாம் சேர்க்கும் ஆன்டிஜெனையும் பிடித்தால் மட்டுமே நிறம் வரும்படி அமைந்த இரட்டை ஆன்டிஜென் எலிசா, கீழ்முனையில் வீரோவோடு நன்றாக ஒத்துப்போகிறது. சிறு மணிகளின் மேல் வெவ்வேறு ஆன்டிஜென்களைப் பூசி ஒரே துளியில் தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் இருமல் எல்லாவற்றையும் ஒருசேர அளக்கும் முறையும் பரவலாகிவிட்டது. குழந்தைகளிடம் எடுக்கும் சிறிதளவு இரத்தத்திற்கு அது வரப்பிரசாதம். எந்த முறையானாலும் விற்பனையாளரின் துண்டறிக்கையில் உள்ள ஒப்பீட்டு எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த ஒப்பீட்டில் உயர்ந்த அளவுள்ள சீரங்கள் நிறைந்திருந்தால் எண் அழகாகத்தான் வரும். 0.01க்கும் 0.2க்கும் இடைப்பட்ட சீரங்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானாலே பாதி விடை கிடைத்துவிட்டது.

எல்லோரும் ஒரே அலகில் பேசுவதற்கு, அளவு முன்பே தெரிந்த குறிப்புச் சீரம் வேண்டும். நெடுங்காலம் குதிரைச் சீரத்திலிருந்து பெற்ற தரக்குறிப்பே புழக்கத்தில் இருந்தது. மனிதச் சீரத்தை மனித எதிர்ப்பொருளோடே ஒப்பிடும் வகையில் 10/262 என்ற குறியீடு கொண்ட முதல் சர்வதேச மனிதத் தரக்குறிப்பை உலகச் சுகாதார நிறுவனம் 2012இல் ஏற்றுக்கொண்டது. விலைமதிப்புள்ள அந்தக் குப்பியை அன்றாடம் உடைக்க முடியாது. ஆகவே அதற்கு எதிராக அளவிட்ட உள்ளகக் குறிப்புச் சீரம் ஒன்றைப் பெரிய அளவில் தயாரித்து, சிறு சிறு குழாய்களில் உறையவைத்து, கணக்கெடுப்பு முழுவதற்கும் அதையே பயன்படுத்த வேண்டும். உயர்ந்த அளவுள்ள குறிப்பு ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டோடு நிறைவடையும் ஆய்வகங்கள் பல. 0.1க்கு அருகில் மூன்றாவதாக ஒரு குறிப்பு ஒவ்வொரு தட்டிலும் இல்லையென்றால், நமக்கு வேண்டிய இடத்தில் தட்டு எப்படி நடந்துகொண்டது என்பது தெரியவே தெரியாது.

நாடுகளுக்கிடையே ஒப்பிட வேண்டும் என்றால் இது போதாது. 1996இல் தொடங்கிய ஐரோப்பிய சீரோ எபிடெமியாலஜி வலையமைப்பு இதற்கு ஒரு நல்ல வழியைக் கையாண்டது. ஒரே சீரத் தொகுப்பைப் பங்கேற்கும் ஆய்வகங்கள் அனைத்தும் தத்தம் முறையில் சோதிக்கும். கிடைத்த விடைகளைக் குறிப்பு ஆய்வகத்தின் விடைகளோடு ஒப்பிட்டு ஒரு மாற்றுச் சமன்பாடு உருவாக்கப்படும். அதன் வழியே எல்லா நாட்டு விடைகளும் பொது அலகுக்கு மாற்றப்படும். ஒரே நாட்டில் இரண்டு ஆய்வகங்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்போதும் இதைச் செய்யத் தவறக் கூடாது. இல்லையேல் வடக்கே எதிர்ப்பாற்றல் குறைவு, தெற்கே அதிகம் என்று நாம் கண்டுபிடிப்பது ஆய்வகங்களின் வேறுபாடாக இருக்கும்.

உலர் இரத்தத் துளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் களப்பணியாளர்கள் அதை விரும்புகிறார்கள், ஆய்வகத்தினர் அதற்கு அஞ்சுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விரல் நுனியில் குத்தி வடிதாளின் வட்டத்தில் துளியை விழவைத்தால் போதும். மையவிலக்கு இயந்திரம் வேண்டாம், உறைநிலைப் பெட்டி உடனே வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். காய்ந்த தாளிலிருந்து வெட்டியெடுக்கும் 3.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டில் சுமார் 3 மைக்ரோலிட்டர் இரத்தம் இருக்கும். அதில் ஏறத்தாழப் பாதிதான் சீரம். அதை 150 மைக்ரோலிட்டர் திரவத்தில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தால், சோதனைக்கு முன்பே நூறு மடங்கு நீர்த்துவிடுகிறது. 0.01 அலகு உள்ளவரின் துளியில் சோதனை தேட வேண்டியது 0.0001 அலகு. பெரும்பாலான எலிசாக்களுக்கு அது எட்டாது. ஆகவே உலர் துளியை வைத்து 0.1க்கு மேலா கீழா என்று கேட்கலாம், 0.01க்கு மேலா கீழா என்று கேட்பதானால், அந்தக் குறிப்பிட்ட சோதனை அவ்வளவு கீழே எட்டுகிறது என்று அதே மனிதர்களின் சீரத்தையும் துளியையும் இணையாகச் சோதித்துக் காட்டிய பிறகே கேட்க வேண்டும்.

தாளை நன்றாகக் காயவைப்பதும் அதே அளவு முக்கியம். ஈரம் ஏறிய தாளில் எதிர்ப்பொருள் சிதையும். சிதைந்தது எதிர்ப்பொருள் குறைவாகவே தோன்றும். குறைந்தது சில மணி நேரம், இயன்றால் ஓர் இரவு, வெயில் படாமல் கிடைமட்டமாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடும் நிறம் மாறும் ஈரப்பத அட்டையோடும் பையில் அடைக்க வேண்டும். பை ஆய்வகத்திற்கு வந்ததும் முதலில் அந்த அட்டையின் நிறத்தைப் பதிவுசெய்யும் பழக்கம் பின்னால் பல சந்தேகங்களைத் தீர்த்துவைக்கிறது. துளியின் மேல் துளி விட்டிருப்பதும், வட்டத்தை நிரப்பாத அரைத்துளியும் கண்ணாலேயே தெரியும். அவற்றை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

மாதிரி எடுப்பில் நான் கண்ட பெரிய சபலம், மருத்துவமனைகளில் வேறு சோதனைகளுக்காக எடுத்து மிஞ்சிய சீரத்தைப் பயன்படுத்துவது. செலவு குறைவு, வேகம் அதிகம், எல்லா வயதினரும் கிடைப்பார்கள். ஆண்டுதோறும் ஒரே முறையில் சேகரித்துப் போக்கைக் கவனிக்க அது ஏற்றது. ஆனால் மருத்துவமனையை எட்டுபவர்களே தடுப்பூசியையும் எட்டியவர்கள் என்பது எங்கும் பொதுவான நிலை. வீடு வீடாகச் சென்று நடத்தும் கணக்கெடுப்பிலும் இதே சாய்வு வேறு வடிவில் நுழையும். பகல் நேரத்தில் போனால் வேலைக்குச் செல்லும் வயதினர் வீட்டில் இருக்க மாட்டார்கள். பள்ளியில் எடுத்தால் பள்ளிக்கு வராத குழந்தைகள் விடுபடுவார்கள். ஊசிக்கு மறுப்பவர் இரத்தம் கொடுக்கவும் மறுப்பார். விடுபடுபவர்கள் மீண்டும் கீழ்முனையில் இருப்பவர்களாகவே இருக்கிறார்கள். மறுத்தவர்களிடமும் வயது, தடுப்பூசி அட்டை உண்டா என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்டுப் பதிவுசெய்ய அனுமதி பெற்றுவிட்டால், அவர்கள் எந்த அளவுக்கு வேறுபட்டவர்கள் என்று பிறகு மதிப்பிட ஒரு பிடி கிடைக்கும்.

வயதுவாரியாக விடைகளை வரைந்து பார்க்கும்போது சில மேடுகளும் பள்ளங்களும் குழப்பும். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையின் இரத்தத்தில் இருப்பதில் தாயிடமிருந்து வந்தது எவ்வளவு, தடுப்பூசியால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அந்த வயதைத் தனியாகவே வைக்க வேண்டும். ஊக்கத் தவணைகளை 12 முதல் 23 மாதத்திலும், 4 முதல் 7 வயதிலும், 9 முதல் 15 வயதிலும் கொடுக்க உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. திட்டத்தில் எந்தத் தவணை விடுபட்டிருக்கிறதோ அதற்கு அடுத்த வயதில் பள்ளம் தெளிவாகத் தெரியும். ஊக்கத் தவணை இல்லாத வயதில் மேடு தெரிந்தால், நியூமோகாக்கல் போன்ற இணைப்புத் தடுப்பூசிகளை நினைவில் கொள்ளுங்கள். அவற்றில் சில சிஆர்எம்197 என்ற புரதத்தைச் சுமப்பானாகக் கொண்டவை. அது ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் நச்சுத்தன்மை இழந்த டிப்தீரியா நஞ்சுதான். ஏற்கெனவே டாக்சாய்டு பெற்றவரின் எதிர்ப்பொருளை அது உயர்த்திவிடக்கூடும்.

தடுப்பூசியால் வந்ததா, கிருமியோடு ஏற்பட்ட பழக்கத்தால் வந்ததா என்ற கேள்விக்கு டெட்டனஸ் எதிர்ப்பொருள் கைகொடுக்கிறது. டெட்டனஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏறத்தாழ முழுவதும் தடுப்பூசியால் மட்டுமே வரும். அந்த நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட அது உருவாவதில்லை. தொண்டை அடைப்பான் கிருமியோ தோல் புண்களில் அமைதியாகக் குடியிருந்தே எதிர்ப்பாற்றலை ஏற்படுத்திவிடும். ஆகவே ஒரு குழுவில் டெட்டனஸ் எதிர்ப்பொருள் குறைவாகவும் டிப்தீரியா எதிர்ப்பொருள் உயர்வாகவும் இருந்தால், அங்கே கிருமி நடமாடிக்கொண்டிருக்கிறது என்ற ஐயம் வலுப்பெறும். மாறாக, டெட்டனஸ் உயர்வாகவும் டிப்தீரியா தாழ்வாகவும் வளர்ந்தவர்களிடம் இருப்பது வழக்கமான காட்சி. டெட்டனஸ் பாதுகாப்பு இயல்பாகவே நீடித்து நிற்பது ஒரு காரணம். காயத்திற்கும் கருவுற்ற காலத்திலும் டெட்டனஸ் மட்டும் உள்ள ஊசியே போடப்பட்டு வந்திருப்பது இன்னொரு காரணம். இரண்டும் கலந்த ஊசிக்கு மாறுங்கள் என்ற பரிந்துரைக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஒரே ஒரு நோயை மட்டும் அளக்கப் பணம் இருந்தாலும், டெட்டனஸையும் சேர்த்துக்கொள்ளும்படி நான் வாதாடுவது இதனால்தான்.

புள்ளியியல் பகுதியில் இரண்டைச் சொன்னால் போதும். முதலாவது, அளவுகளை மடக்கை எண்ணாக மாற்றிப் பெருக்குச் சராசரியைக் கணக்கிட வேண்டும். சாதாரணச் சராசரியை எடுத்தால், அண்மையில் ஊசி போட்டுக்கொண்ட சிலரின் பெரிய எண்கள் குழு முழுவதையும் தூக்கிக் காட்டிவிடும். இரண்டாவது, சதவீதத்தை மட்டும் கொடுக்காமல் பரவலைக் காட்டும் வரைபடத்தையும் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் அதற்கு மேலே எத்தனை பேர் என்று காட்டும் தலைகீழ் திரள் வளைவு இதற்கு மிகவும் ஏற்றது. 0.1ஐச் சுற்றி வளைவு செங்குத்தாக இறங்கினால், சிறிய அளவீட்டுப் பிழையும் சதவீதத்தைப் பெரிதாக மாற்றிவிடும் என்பது படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும். தட்டையாக இருந்தால் சதவீதத்தை நம்பலாம்.

1990களின் கொள்ளைநோய்க்குப் பின் குழந்தைகளில் 90 சதவீதம், வளர்ந்தவர்களில் 75 சதவீதம் என்ற இலக்கு அடிக்கடி எடுத்தாளப்பட்டது. எந்த எல்லையை வைத்து அந்த 75ஐக் கணக்கிடுவது என்பதைச் சொல்லாமல் இலக்கை அடைந்துவிட்டோம் என்று எழுதுவது எளிது. 0.01ஐ எல்லையாகக் கொண்டால் வெற்றி, 0.1ஐக் கொண்டால் தோல்வி என்று வரும் வயதுக் குழுக்கள் உண்டு. இரண்டு எல்லைகளுக்குமான எண்களையும் அருகருகே அச்சிட்டு, இடைப்பட்டவர்களை ஒரு தனிப் பத்தியாகக் காட்டுவதே நேர்மை. அந்த இடைப்பட்ட கூட்டத்திற்கு நோயெதிர்ப்பு நினைவு இருக்கலாம். ஊக்கத் தவணை ஒன்று போட்டால் பெரும்பாலோருக்கு அளவு வேகமாக உயரும். ஆனால் நோயின் அடைகாலம் பெரும்பாலும் 2 முதல் 5 நாள்தான். நினைவு விழித்து எதிர்ப்பொருளைப் போதிய அளவு உருவாக்குவதற்குள் நஞ்சு முந்திக்கொள்ளக்கூடும் என்பதால், அவர்களை ஊக்கத் தவணைக்கு உரியவர்கள் என்றே கொள்ள வேண்டும்.

இரத்தம் கொடுத்தவர்கள் விடையைக் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்திலேயே விடை தரப்படுமா, எப்போது, யார் வழியாக என்று எழுதியிருக்க வேண்டும். எண்ணை மட்டும் கொடுத்தால் 0.08 வாங்கியவர் தேர்வில் தோற்றதாக எண்ணிக் கலங்குவார், 0.12 வாங்கியவர் இனி ஊசியே வேண்டாம் என்பார். "உங்கள் வயதுக்குரிய ஊக்கத் தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள், இன்ன இடத்தில் இன்ன நாளில் கிடைக்கும்" என்ற வரி அந்தச் சீட்டில் இல்லாமல் விடையை அனுப்புவதை நான் ஏற்பதில்லை. விடை எதுவாக இருந்தாலும், தவணை விடுபட்ட குழந்தைக்குத் தவணையைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு இரத்தச் சோதனையின் அனுமதி தேவையில்லை. அதே வரி ஆய்வகத்தினருக்கும் பொருந்தும். நஞ்சைக் கையாளும் ஒவ்வொருவரும் வேலையைத் தொடங்கும் முன் ஊக்கத் தவணை பெற்று, தங்கள் சொந்தச் சீரத்தையும் ஒரு தட்டில் ஏற்றி அளவைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும்.